ரேடியோ தொலைநோக்கியைக் காக்க வானிலையைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ தொலைநோக்கியை இயக்குபவர்களும், பராமரிப்பவர்களும், சிறிய அளவில் சொந்தமாக ஒன்றை அமைக்க முனைபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வானிலிருந்து வரும் அலைகளைத் திரட்டிக் குவிக்கும் பரவளைய டிஷ்ஷைக் ‘கிண்ணம்’ என்றும், கிண்ணம், தாங்கு கட்டமைப்பு, மோட்டார்கள், அலைவாங்கி அனைத்தையும் சேர்த்து ‘ஆன்டெனா’ என்றும் குறிப்பிடுகிறேன்.

ரேடியோ அலைகள் மேகத்தையும் ஊடுருவி வந்துவிடுமே, பிறகு வானிலையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

ஊடுருவி வருவதால்தான் கவலை. ஒளியைக் கொண்டு பார்க்கும் தொலைநோக்கி, மேகம் சூழ்ந்ததும் வேலையை நிறுத்திக்கொள்ளும்; முதல் துளி விழுவதற்கு முன்பே அதன் கூரை மூடப்பட்டுவிடும். ரேடியோ தொலைநோக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூரையே கிடையாது. 21 செ.மீ. அலைநீளத்தில் ஹைட்ரஜன் வாயுவின் குறிகையைப் பதிவு செய்துகொண்டிருக்கும் ஆன்டெனாவுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். தெளிந்த வானும் கவிந்த வானும்கூட ஏறத்தாழ ஒன்றுதான். கட்டுப்பாட்டு அறையின் திரையில் தரவு குறையின்றி வந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், வெளியே நூற்றுக்கணக்கான டன் எஃகு காற்றில் அதிர்ந்துகொண்டிருக்கலாம். ஆபத்து நெருங்குவதைத் தரவு காட்டிக்கொடுக்காது என்பதால், அதைச் சொல்வதற்கென்றே தனிக் கருவிகளும் தனி ஒழுங்கும் தேவைப்படுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து எது?

காற்று. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பதை, கட்டுப்பாட்டு அறையில் அமரும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஏறத்தாழ 60 பாஸ்கல் அழுத்தம் தரும்; 72 கி.மீ. வேகத்தில் அது 240 பாஸ்கல், 144 கி.மீ. வேகத்தில் 960 பாஸ்கல். 25 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் முகப்பரப்பு ஏறத்தாழ 490 சதுர மீட்டர். அது காற்றுக்கு நேராக முகம் காட்டி நின்றால், 72 கி.மீ. காற்றில் 12 டன் எடைக்கு நிகரான விசையும், 144 கி.மீ. காற்றில் 48 டன்னுக்கு நிகரான விசையும் அதன்மீது விழும். கிண்ண வடிவம் காற்றைப் பிடித்து நிறுத்தும் இயல்புடையது என்பதால், உண்மையில் விசை இதற்கும் மேலேயே இருக்கும். அதோடு, காற்று வெறுமனே தள்ளுவதில்லை; விட்டுவிட்டு அடித்து, கிண்ணத்தை அதன் அச்சைச் சுற்றித் திருப்பப் பார்க்கிறது. அந்த முறுக்கம் கியர்ப் பற்களிலும் பிரேக்குகளிலும் போய்ச் சேர்கிறது.

இதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 1957 முதல் இயங்கிவரும் 76 மீட்டர் லவல் தொலைநோக்கியை, 1976 ஜனவரி தொடக்கத்தில் மணிக்கு 140 கி.மீட்டரைத் தாண்டிய புயற்காற்று தாக்கியது. தாங்கு கோபுரங்கள் வளைந்தன. கிண்ணத்தைக் கோபுரத்தோடு இணைக்கும் பேரிங்குகளுள் ஒன்று இடம் நழுவியது. தொலைநோக்கி முழுவதுமாக அழியாமல் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகே கோபுரங்களுக்குச் சாய்வான வலுவூட்டு உத்தரங்கள் பொருத்தப்பட்டன.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்தது இன்னும் பரவலாக அறியப்பட்டது. 1969 ஜூலையில், நிலவில் மனிதர் காலடி வைக்கும் காட்சியைப் பெறுவதற்காக அதன் 64 மீட்டர் கிண்ணம் இயன்ற அளவுக்குக் கீழே சாய்க்கப்பட்டிருந்தபோது, மணிக்கு 110 கி.மீட்டரைத் தாண்டிய இரண்டு திடீர்க் காற்றுவீச்சுகள் அடுத்தடுத்து அதை மோதின. பாதுகாப்பு வரம்பை வெகுவாக மீறிய நிலை அது. இயக்குநர் ஜான் போல்டன் பணியைத் தொடர்வது என்று முடிவெடுத்தார், கிண்ணம் தாங்கியது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது மனித வரலாற்றில் ஒரே ஒரு முறை வரக்கூடிய தருணம். அன்றாடப் பதிவுகளுக்காக அப்படி ஒரு முடிவை எடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

கிண்ணத்தைக் கம்பிவலையால் அமைத்தால் காற்றின் தொல்லை தீர்ந்துவிடாதா?

தீராது, ஆனால் பெருமளவு குறையும். வலையின் கண்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கும்வரை, ரேடியோ அலைக்கு அது முழுத் தகடு போலவே தெரியும். காற்றோ கண்களின் வழியே புகுந்து போய்விடும். புனேவுக்கு வடக்கே கோடாட் அருகில், ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் உருவான மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியின் 30 ஆன்டெனாக்களும் இந்த எண்ணத்தில் பிறந்தவையே. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடையது. இழுத்துக் கட்டிய கம்பிவடங்களின்மேல் மெல்லிய எஃகு வலை விரிக்கப்பட்டிருக்கிறது. மையத்தில் 10 மி.மீட்டராக இருக்கும் வலைக் கண், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல 20 மி.மீ. வரை அகலமாகிறது. அவ்வளவு பெரிய கிண்ணத்தை அவ்வளவு குறைந்த எஃகில் தாங்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

குளிர் நாடுகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. வலையின்மேல் பனிக்கட்டி படிந்து கண்கள் அடைபட்டால், அது அந்தக் கணம் முதல் முழுத் தகடுதான். வலைக்கென்று கணக்கிட்ட காற்று வரம்பு அதற்குப் பொருந்தாது.

எந்த வேகத்தில் இயக்கத்தை நிறுத்த வேண்டும்?

எல்லா ஆன்டெனாவுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வடிவமைத்தவர் கொடுத்த வரம்பே உங்கள் வரம்பு. பொதுவாக மூன்று படிகள் இருக்கும். முதல் படியைத் தாண்டினால் கிண்ணம் காற்றில் ஆடி, குறி தவறத் தொடங்கும். அளவீட்டின் துல்லியம் கெடுமே தவிர, இயந்திரத்துக்குக் கேடில்லை. இரண்டாம் படியில் பதிவை நிறுத்திக் கிண்ணத்தை ஓய்வுநிலைக்கு, அதாவது உச்சிவானைப் பார்த்துப் பூட்டிய நிலைக்கு, கொண்டுபோக வேண்டும். மூன்றாவது, ஓய்வுநிலையில் பூட்டப்பட்ட கிண்ணம் உடையாமல் தாங்கக்கூடிய உச்ச வேகம். மேலே சொன்ன 45 மீட்டர் ஆன்டெனாக்களை எடுத்துக்கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வரை இயக்கலாம், 133 கி.மீ. வரை தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு. இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தாங்குதிறன் முழுவதும் பூட்டிய நிலைக்கு மட்டுமே உரியது.

வரம்பை எந்த அளவோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வானிலைத் துறையினர் காற்றின் வேகத்தைப் 10 நிமிடச் சராசரியாகவும், வீச்சை 3 விநாடிச் சராசரியின் உச்சமாகவும் கணக்கிடுவார்கள். சராசரி 35 கி.மீ. என்று அமைதியாகக் காட்டும் வேளையில் வீச்சு 60 கி.மீ. தொட்டிருக்கும். ஓய்வுநிலைக்குச் செல்வதற்கான கட்டளை இரண்டையும் கவனித்தே பிறக்க வேண்டும். சராசரியை மட்டும் நம்பும் முறை, அடி விழுந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

ஓய்வுநிலையில் கிண்ணம் ஏன் உச்சிவானைப் பார்க்கிறது?

அந்த நிலையில் காற்று கிண்ணத்தின் விளிம்பைத்தான் சந்திக்கிறது, முகத்தை அல்ல. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பது இன்னொரு நன்மை. புயலில் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இது சிறிய விஷயமல்ல. கிண்ணம் அங்கே போய்ச் சேர்ந்ததும் பூட்டுமுளைகள் செருகப்பட்டு, விசை கியர்களை விட்டு நேராகக் கட்டமைப்புக்கு இறங்குகிறது. முளை முழுமையாக உட்கார்ந்ததா என்பதை மோட்டாருக்குக் கட்டளை அனுப்பியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முளையிலேயே பொருத்தப்பட்ட உணரி சொல்லட்டும்.

காற்றுவேகமானிகளை எங்கே, எத்தனை வைக்க வேண்டும்?

கிண்ணத்தின் மறைவில் வைக்கவே கூடாது. கிண்ணமே ஒரு பெரிய தடுப்புச் சுவர். அதன் பின்புறம் காற்று சுழன்று தளர்ந்துவிடும், கருவி குறைத்துக் காட்டும். தனிக் கம்பத்தில், கிண்ணத்திலிருந்து நன்றாக விலகி நிறுவுங்கள். வானிலை நிலையங்களின் வழக்கமான உயரம் 10 மீட்டர். ஆனால் பெரிய கிண்ணத்தின் மேல்விளிம்பு அதைவிடப் பல மடங்கு உயரத்தில் இருக்கும், மேலே போகப் போகக் காற்றும் வலுக்கும். ஆகவே ஒரு கருவியையாவது கிண்ணத்தின் மைய உயரத்துக்குச் சமமாக வைப்பது நல்லது.

எண்ணிக்கையில் என் பரிந்துரை மூன்று. ஒன்று பழுதானால் தெரியவே தெரியாது. இரண்டு இருந்து முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பொய் சொல்வது எதுவென்று தெரிந்துவிடும். முடிந்தால் சுழலும் வேகமானியையும் மீயொலி வேகமானியையும் கலந்து வையுங்கள். சுழலும் சிறு கிண்ணங்களைக் கொண்டது எளியது, மலிவானது, ஆனால் தேயும். மீயொலி வகை, எதிரெதிர் முனைகளுக்கிடையே ஒலி கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. அதில் அசையும் பாகம் இல்லை, ஆனால் முனைகளில் நீரோ பனிக்கட்டியோ படிந்தால் தடுமாறும். இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு.

காற்றுவேகமானி பூஜ்ஜியம் காட்டினால் காற்று இல்லை என்றுதானே பொருள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

ஒரு காலைப் பொழுதில் காற்றுக் கம்பத்தின் கீழே நின்றிருந்தேன். காலடியில் புல் நுனிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. சட்டைக் காலர் கன்னத்தில் படபடத்தது. தலைக்கு மேலே வேகமானியின் மூன்று கிண்ணங்களும் ஓவியம்போல நின்றிருந்தன. உள்ளே திரையில் 0.0 என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. கழற்றி இறக்கிப் பார்த்தபோது பேரிங்கின் மசகு உலர்ந்து, செம்மண் தூளோடு சேர்ந்து பசைபோல இறுகியிருந்தது. விரலால் சுழற்றினால் கால் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். எத்தனை நாளாக அது அப்படிப் பச்சையில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைப் பழைய பதிவைப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது: நாளுக்கு நாள் வேகம் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது, அந்தச் சரிவை எவரும் கவனித்திருக்கவில்லை.

எனவே, உண்மையான வெளிக்காற்று நீண்ட நேரம் சுத்தமாகப் பூஜ்ஜியத்தில் நிற்பதில்லை என்ற விதியை மென்பொருளில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் மாறாமல் நிற்கும் எந்த எண்ணையும் பழுது என்று கொள்ள வேண்டும். கம்பி அறுந்தாலோ, தரவு வராமல் நின்றாலோ, கணினி உறைந்தாலோ, நிலைமை பாதுகாப்பற்றது என்றே கருதி ஆன்டெனா தானாக ஓய்வுநிலைக்குப் போக வேண்டும். செய்தி இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் ஒழுங்கமைப்பு என்றாவது ஒரு நாள் கிண்ணத்தைக் காவு கொடுக்கும்.

புயற்காற்று வருவதை எவ்வளவு நேரம் முன்பே அறிய வேண்டும்?

உங்கள் கிண்ணம் ஓய்வுநிலைக்குப் போய்ப் பூட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் முன்பே. நிமிடத்துக்கு 20 டிகிரி நகரும் கிண்ணம் அடிவானத்துக்கு அருகே பார்த்துக்கொண்டிருந்தால், உச்சிக்கு ஏறவே 4 நிமிடங்கள் பிடிக்கும். முளை செருகுவதற்கும் சரிபார்ப்பதற்கும் இன்னும் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் காற்று ஏற்கெனவே வலுத்துவிட்டால் மோட்டார் அதை எதிர்த்து ஏற வேண்டியிருக்கும். சில வேளை ஏற முடியாமல் நின்றும் போகும்.

இங்கே பொல்லாத எதிரி, இடிமழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்று. மேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று கீழே கொட்டி, தரையில் மோதி, எல்லாப் பக்கமும் விரிந்து பாய்கிறது. மழை இன்னும் தொலைவிலிருக்கும், தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கலாம். திடீரெனத் தூசி எழும், வெப்பம் சட்டென்று இறங்கும், காற்று திசை திரும்பும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் அந்த முகப்பு 10 கி.மீ. தூரத்தை 12 நிமிடங்களில் கடந்துவிடும். ஆன்டெனா அருகே உள்ள வேகமானி அதை முதன்முதலில் அறியும்போது, கிண்ணமும் அறிந்துவிட்டிருக்கும்.

ஆகவே தொலைவிலிருந்து வரும் செய்திகளைச் சேர்க்க வேண்டும்: வானிலைத் துறையின் ரேடார் படங்கள், மின்னலின் ரேடியோத் துடிப்பைப் பல நிலையங்களில் கேட்டு இடத்தைக் கணிக்கும் வலையமைப்புகள், வளாகத்தைச் சுற்றிப் பல கி.மீ. தள்ளி வைத்த துணைக் கம்பங்கள். காற்றழுத்தமானியையும் விட்டுவிடாதீர்கள்; பெரும்புயல்களின் வருகையைப் பல மணி நேரம் முன்பே சொல்லும் பழைய நண்பன் அது.

கட்டளையை மனிதர் இட வேண்டுமா, தானியங்கியா?

கிண்ணத்தை நிறுத்துவதற்குத் தானியங்கி போதும். மீண்டும் இயக்குவதற்கு மனிதர் வேண்டும். முக்கியமான பதிவு ஒன்று முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று நினைப்பது எல்லோருக்கும் இயல்பு. அந்த இயல்புக்கு இடம் தராமலிருப்பதே தானியங்கியின் பயன்.

நிறுத்தும் வரம்பும் திரும்பத் தொடங்கும் வரம்பும் ஒன்றாக இருக்கக் கூடாது. 40 கி.மீட்டரில் நிறுத்தினால், 30 கி.மீட்டருக்குக் கீழே இறங்கி அரை மணி நேரம் அங்கேயே நிலைத்த பிறகு தொடங்கலாம் என்பது போன்ற இடைவெளி தேவை. இல்லாவிட்டால் கிண்ணம் நாள் முழுவதும் ஏறி இறங்கியே தேயும்.

இன்னொன்று: புயல் வரும்போதுதான் மின்சாரமும் போகும். ஜெனரேட்டர் எத்தனை ஆன்டெனாக்களை ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏற்ற முடியும் என்பதை அமைதியான ஒரு நாளில், மின்னிணைப்பை உண்மையாகவே துண்டித்து, சோதித்துப் பாருங்கள். வரிசையாகத்தான் ஏற்ற முடியும் என்றால், மேலே கணக்கிட்ட நேரம் அதற்கேற்பப் பெருகும்.

இடி மின்னலிலிருந்து எப்படிக் காப்பது?

திறந்த வெளியில் உயர்ந்து நிற்கும் எஃகு என்பதால் ஆன்டெனாமேல் மின்னல் விழத்தான் செய்யும்; விழாமல் தடுக்க முடியாது, விழுந்ததை நல்ல வழியில் இறக்கிவிடலாம். சராசரி மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது கிண்ணத்திலிருந்து நிலத்துக்கு இறங்கும் வழியில் சுழலும் பேரிங்குகள் குறுக்கிடுகின்றன. பேரிங் வழியே பாய விட்டால், உருளைகளில் சிறு பொறிகள் வெடித்துக் குழிகள் விழும். பிறகு அந்தப் பேரிங் ஒவ்வொரு சுற்றிலும் தன்னையே அரைத்துக்கொள்ளும். எனவே பேரிங்கைச் சுற்றிக்கொண்டு செல்லும் தடித்த செப்புப் பின்னல்களைப் பொருத்தி, நல்ல எர்த்திங் வலையோடு இணைக்க வேண்டும். அந்தப் பின்னல்கள் கிண்ணத்தோடு அசைந்து அசைந்து இழை இழையாக அறுபடும் என்பதால், அவற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பது பராமரிப்புப் பட்டியலில் இருக்கட்டும். கட்டடத்துக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே செப்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை வடத்தைப் பயன்படுத்தினால் மின்னழுத்த அலை உள்ளே நுழைய வழியில்லை.

கண்காணிப்பில் மின்புலமானி பயனுள்ளது. நல்ல வானிலையில் தரையருகே மின்புலம் மீட்டருக்கு நூறு வோல்ட் அளவில் இருக்கும். இடிமேகத்தின் கீழே அது பல ஆயிரம் வோல்ட்டாகும். முதல் மின்னல் விழுமுன்பே எச்சரிக்கக்கூடிய கருவி இது.

கிண்ணத்தின்மேல் வேலை செய்யும் மனிதர்களுக்கான விதி எளிது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், அது 10 கி.மீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆகும்வரை எவரும் திரும்ப ஏறக் கூடாது.

பனிப்பொழிவு உள்ள இடங்களில் என்ன செய்வது?

உச்சியைப் பார்த்து நிற்கும் கிண்ணம் பனியைச் சேகரிக்கும் பாத்திரமாகிவிடும். 25 மீட்டர் கிண்ணத்தில் 20 செ.மீ. ஈரப்பனி சேர்ந்தால், ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ என்று கொண்டு, எடை ஏறத்தாழ 29 டன்! உலர்ந்த புதுப்பனியானால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பனி விழும்போது கிண்ணத்தைத் தாழ்த்திச் சாய்த்து, சேர்ந்ததை அவ்வப்போது கொட்டிவிடுவார்கள்.

ஆனால் பனியோடு பலத்த காற்றும் சேர்ந்து வந்தால்? காற்றுக்கு உச்சிநிலை வேண்டும், பனிக்குச் சாய்ந்த நிலை வேண்டும். இரண்டுக்கும் பொதுவான விடை இல்லை. காற்றின் வரம்பு நெருங்கினால் காற்றுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் பனி மணிக்கணக்கில் சேர்கிறது, காற்று விநாடியில் உடைக்கிறது. இதைச் செயல்படுத்த, புயல் தொடங்குமுன் கிண்ணத்தைச் சுத்தமாகக் கொட்டி வைத்திருக்க வேண்டும். சுமை எவ்வளவு ஏறியது என்பதைத் தூக்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமே காட்டிக்கொடுக்கும். கேமராவும் ஒரு விளக்கும் அதை உறுதி செய்யும்.

மழை?

மழையால் இயந்திரத்துக்கு நேரடிக் கேடு குறைவு. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகளை இலைதழைகளும் பறவைக் கூடுகளும் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆலங்கட்டி மழை வேறு வகை: அது அலைவாங்கியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழிக்கும், கிழிசல் வழியே நீர் உள்ளே இறங்கும்.

வெயிலும் வெப்பமும் எஃகை என்ன செய்துவிடும்?

வளைத்துவிடும். எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 0.012 மி.மீ. விரிகிறது. 25 மீட்டர் நீளத்தில் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்து, 5 டிகிரி வேறுபாடு ஏற்பட்டால், 1.5 மி.மீ. வேறுபாடு வரும். 21 செ.மீ. அலைக்கு இது பொருட்டே அல்ல. 22 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 13.6 மி.மீ.; அதன் இருபதில் ஒரு பங்குக்குள் பரப்பு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், அங்கே அது பெரிய பிழை. இதனால் கட்டமைப்பின் பல இடங்களில் வெப்பமானிகளை ஒட்டி வைப்பார்கள்.

சூரியனை நோக்கித் திருப்புவது தனி ஆபத்து. 25 மீட்டர் கிண்ணத்தில் நடுப்பகலில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 490 கிலோவாட். அதில் சிறு பங்கு குவியத்தில் சேர்ந்தாலும் வடங்கள் உருகிவிடும். கிண்ணத்துக்குப் பளபளப்பில்லாத வெள்ளை வண்ணம் பூசுவதும், சிலியின் அட்டக்காமா பாலையில் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்மா தொலைநோக்கியின் தகடுகளை ஒளி சிதறும்படி சொரசொரப்பாக்கியிருப்பதும் இதற்காகவே. ரேடியோ அலைக்கு அந்தச் சொரசொரப்பு கண்ணுக்கே தெரியாது.

ஈரப்பதத்தை ஏன் அளக்க வேண்டும்?

இரண்டு காரணங்கள். காற்றிலுள்ள நீராவி 22, 183 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் அலைகளை உறிஞ்சுகிறது. அது அளவீட்டைப் பற்றியது. பாதுகாப்பைப் பற்றிய காரணம், மின்னணுப் பெட்டிகளுக்குள் வேர்க்கும் நீர். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர்த்துளியாக மாறிவிடும். குளிரூட்டிய பெட்டியை 22 டிகிரியில் வைத்து, வெளிக்காற்று படும்படி கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கதவைத் திறக்குமுன் பெட்டியின் வெப்பத்தையும் வெளிக்காற்றின் பனிநிலையையும் (ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், பல இணைப்பிகளைப் பச்சைக் களிம்பிலிருந்து காத்திருக்கிறது.

வானிலைக் கருவிகளே ரேடியோ குறுக்கீட்டை உண்டாக்காதா?

உண்டாக்கும், அதிலும் மோசமாக. கடையில் கிடைக்கும் கம்பியில்லா வானிலை நிலையங்கள் பெரும்பாலும் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் சில விநாடிகளுக்கு ஒருமுறை செய்தி அனுப்புகின்றன. அவை கிண்ணத்தின் காதோரம் கூச்சலிடுவதற்குச் சமம். கம்பி அல்லது கண்ணாடி இழை வழியே மட்டும் பேசும் கருவிகளை வாங்குங்கள். கணினிப் பலகையையும் மின்வழங்கியையும் முழுதாக மூடிய உலோகப் பெட்டியில் வைத்து, உள்ளே போகும் ஒவ்வொரு கம்பிக்கும் வடிகட்டி பொருத்துங்கள். நிறுவுவதற்கு முன், அந்தக் கருவியைக் கிண்ணத்தின் அருகே இயக்கியும் நிறுத்தியும், அலைவாங்கியில் வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 3 மீட்டர் டிஷ் மட்டுமே. எனக்கு இவை பொருந்துமா?

அளவு சிறியது, விதி அதுவே. 7 சதுர மீட்டர் பரப்புள்ள உங்கள் டிஷ், மணிக்கு 90 கி.மீ. காற்றை நேராகச் சந்தித்தால் 270 கிலோ எடைக்கு நிகரான விசையேனும் அதன்மேல் விழும். தூணின் அடித்தளம் அதற்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். ஒரு நல்ல வேகமானி, உச்சிநிலையில் கையால் செருகும் ஒரு முளை, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் டிஷ்ஷை எப்போதும் உச்சியில் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் ஆகியவை உங்களுக்குப் போதும்.

புயல் ஓய்ந்துவிட்டது. உடனே பதிவைத் தொடங்கலாமா?

கூடாது. முதலில் நடந்து பார்க்க வேண்டும்.

புவெர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி இதற்கு வேதனையான சாட்சி. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அதன் 305 மீட்டர் கிண்ணத்தின்மேல் தொங்கிய நீண்ட அலைவாங்கிக் கம்பத்தை முறித்துக் கீழே வீழ்த்தியது. கண்ணுக்குத் தெரிந்த சேதம் அது. கிண்ணத்துக்கு மேலே கருவிகளோடு தொங்கிய மேடையைத் தாங்கிய எஃகு வடங்கள், துத்தநாகம் ஊற்றி இறுக்கிய தம் பிடிப்புகளிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு எளிதில் படாத சேதம். 2020 ஆகஸ்டில் ஒரு துணை வடம் பிடிப்பிலிருந்து கழன்றது, நவம்பரில் ஒரு முதன்மை வடம் அறுந்தது, டிசம்பர் 1 அன்று 900 டன் மேடை கிண்ணத்தின்மேல் விழுந்தது. வானம் அமைதியாக இருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது.

அதனால், ஒவ்வொரு பலத்த காற்றுக்கும் பிறகு, உச்ச வேகம், நீடித்த நேரம், கிண்ணம் பார்த்த திசை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். வடங்களின் பிடிப்பு முனைகளில் வண்ணத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால், நழுவியது மில்லிமீட்டராக இருந்தாலும் அடியில் பூசாத எஃகு பளிச்சென்று தெரியும். தளர்ந்த போல்ட்டுகள், வண்ணத்தில் புதிதாக ஓடிய மயிரிழை விரிசல்கள், பேரிங்குக்குக் கீழே சிதறிய மசகு ஆகியவற்றைத் தேடுங்கள். பிறகு கிண்ணத்தை மிக மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மோட்டார் மின்னோட்டத்தைப் புயலுக்கு முந்தைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எந்தக் கோணத்திலாவது புதிதாக ஒரு மேடு தெரிந்தால், அங்கே ஏணியை வைத்து ஏறிப் பார்க்கும்வரை கிண்ணத்தை உச்சியிலேயே பூட்டி வையுங்கள்.